சாதா ஸ்பிரிங் ஸ்டாக் இல்லை

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்து டைப் அடிக்கிற தங்கச்சிக்கும், பிழைகளைச் சத்தம் போடாமல் திருத்துகிற பத்திரிகை ஆசிரியருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். எந்த ‘ர’, எந்த ‘ற’ என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புத்தான். இந்த வாரம் வழக்கத்தைவிட மோசம்... லோரி ஷெட்டில் பழைய டயர்மேல் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன்.

வீட்டில் மேசை இல்லையா? இருக்கிறது. ஆனால் வீட்டில் பார்வதி இருக்கிறாள். எழுதுவது அவளைப் பற்றி.

இதை இதற்கு முன் தொடங்கித் தொடங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். வாசகர்களுக்குத் தெரியும், நான் கூச்சக்காரன். தோட்டத்துக் குரங்கைப் பற்றி எழுதலாம், லோரி பிரேக் பிடிக்காமல் போனதைப் பற்றி எழுதலாம். வீட்டு வாசல் வரைக்கும் வருகிற விஷயம் என்றால் பேனா நின்றுவிடுகிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவி பார்வதி ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் குடையோடு, எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து சிம்பாங்குக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். சிம்பாங் என்றால் மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்து ரோடு பிரிகிற முச்சந்தி. லயத்திலிருந்து ஒரே சரிவு. தேயிலைக் கொழுந்து லோரியே இரண்டாவது கியரில்தான் இறங்கும்.

குடை மழைக்கு அல்ல. ஊன்றிக்கொள்ள.

பார்வதி கேமரன் மலையின் இந்தச் சரிவுகளிலேயே வருடக்கணக்காகக் கொழுந்து எடுத்தவள். முட்டி தேய்ந்துவிட்டது. தானா ராத்தா டவுன் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இனிமே மேடு பள்ளம் ஏறி எறங்கக் கூடாது” என்றார்.

“சரி டாக்டர்... கேமரன்ல மேடு பள்ளம் இல்லாத எடம் எங்க இருக்கு, அதயும் சொல்லிருங்க” என்றாள் இவள்.

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

அப்படிப்பட்டவள் ஏன் சிம்பாங்குக்கு இறங்கினாள்? அங்கே எங்கள் மகள் ஷாமினி புதுக் காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தாள். காரால் வீட்டுக்கு ஏறி வர முடியாது.

புதுக் கார்... ஏற முடியாது! எங்கள் லயத்தில் இருபது வருடத்துப் பழைய கார்கள் புகை விட்டுக்கொண்டு தினமும் ஏறுகின்றன. ஆச்சரியக்குறி போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இதற்குப் போட்டுக்கொள்கிறேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

ஷாமினி ஈப்போவில் ஒரு கார் ஷோ ரூமில் வேலை பார்க்கிறாள். எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். அவளுக்கு வேலை இருக்க வேண்டும். கார் விற்கிற இடத்தில் இல்லை, பக்கத்துக் கவுண்டரில். காருக்கு மாட்டுகிற உபரிச் சாமான்கள் விற்கிற கவுண்டர். சீட் உறை, மிதியடி விற்பாள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்த வருட ஆரம்பத்தில் ஒருநாள், அப்போதெல்லாம் பஸ்ஸில்தான் வருவாள், அடுப்படியில் உட்கார்ந்து போனில் படம் படமாகக் காட்டினாள். சிவப்பு ஸ்பிரிங். வாய் அகலமான எக்ஸாஸ்ட். முன் பம்பருக்குக் கீழே மாட்டுகிற கறுப்பு உதடு ஒன்று. ஓட்டை போட்ட பெரிய பிரேக் தட்டு.

“ரேசுக்குப் போறவங்களுக்கா?” என்று கேட்டேன்.

“ஆபீசுக்குப் போறவங்களுக்குப்பா” என்றாள்.

அப்புறம் எனக்குப் பாடம் நடத்தினாள். “முன்னல்லாம் ஒரு புது மாடல் வந்தா, ரெண்டு மூணு வருசம் கழிச்சுத்தான் வெளி கடைக்காரன் இதெல்லாம் செய்வான். பையனுங்க அங்க போய் மாட்டுவானுங்க. டுயிட், காசு பூரா, வெளிய போயிரும். ஏதாச்சும் ஒடஞ்சா மட்டும் நம்மகிட்ட வந்து சண்ட போடுவானுங்க. இப்ப கம்பெனி என்னா பண்ணுது? கார் எறங்குற அன்னிக்கே பார்ட்டும் எறங்குது. காரைச் செஞ்சவனே செஞ்சது. நம்ம கவுண்டர்லயே மாட்டிக்கலாம். வாரண்டியும் போவாது.”

“அப்ப இந்த நல்ல ஸ்பிரிங்க, நல்ல பிரேக்க, மொதல்லயே காருல வெச்சு விக்கலாமே?”

ஷாமினி சிரித்தாள். “வெச்சுட்டா... என் கவுண்டர்ல நான் என்னா விக்கறது?”

யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய தப்பு இல்லை. எங்கள் தேயிலை பேக்டரியிலும் அதுதானே? ஒரே மலை, ஒரே கொழுந்து. சாக்கில் போனால் ஒரு பெயர். படம் போட்ட தகர டப்பாவில் போனால் வேறு பெயர். டப்பா வாங்குகிறவன் தேயிலைக்கு மட்டுமா காசு கொடுக்கிறான்? தன்னைப் பற்றி அவன் நினைத்துக்கொள்கிற ஒன்றுக்கும் சேர்த்துத்தான். ஆசைப்படுகிறவன் எப்படியும் எங்காவது போய் மாட்டத்தான் போகிறான். அதை நாமே ஒழுங்காகச் செய்து கொடுப்போம், நம் கண் முன்னால் மாட்டட்டும் — கம்பெனி நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஒன்று மட்டும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வண்டியை எந்த ரோட்டில் ஓட்டுவதாக நினைத்து அந்தப் பார்ட்டைச் செய்கிறார்கள்? இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கலாம்.

சித்திரையில் ஷாமினி அந்தப் புது மாடலை வாங்கினாள். எங்கள் குடும்பத்தில் முதல் கார். முதல் பயணம் நேராக வீட்டுக்கு. ஈப்போவிலிருந்து கம்போங் ராஜா வழியாக ஏறி, கோலா தெர்லா தாண்டி, சிம்பாங்கில் திரும்பி, ஹாரன் அடித்துக்கொண்டே லயத்து வாசலுக்கு வந்து நின்றாள். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்கினோம். பார்வதி வாசற்படியில் இருந்து ஒரே எட்டு... கார் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இறங்கவே இல்லை. கோயிலுக்குப் போய்விட்டு, பிரிஞ்சாங்கில் சாப்பிட்டுவிட்டு, கியா பார்ம் சந்தையில் கூட்டத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, இருட்டும்போது மறுபடி வாசற்படியில் இறங்கினாள்.

“இன்னிக்கு என் முட்டி இருக்கிறதே எனக்குத் தெரியல” என்றாள்.

டாக்டர் கொடுத்த எந்த மாத்திரைக்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த மாதம் ஷோ ரூமில் மேனேஜர் கேட்டிருக்கிறார். புது மாடல் வைத்திருக்கிற ஸ்டாஃப் யாராவது கம்பெனி பார்ட்டை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினால், வருகிற கஸ்டமர் நேரில் பார்ப்பான். பாதி விலைக்குத் தருகிறோம். ஆறு மாதம் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

கவுண்டரில் நின்று விற்கிற பெண்ணின் காரிலேயே மாட்டியிருந்தால் அதைவிட விளம்பரம் உண்டா? ஷாமினி சம்மதித்தாள். பெருமையாகத்தான் சம்மதித்தாள். எங்களுக்கும் பெருமைதான். போனில் படம் அனுப்பினாள். நன்றாக இருந்தது. கார் பூமியை ஒட்டிப் பதுங்கி நின்றது.

அதற்கு அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தாள்.

எங்கள் லயத்துக்குத் திரும்புகிற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் ஓடுகிற பள்ளம் ஒன்று உண்டு. சிமெண்டுப் பள்ளம். அதைத் தாண்டியதும் ரோடு சட்டென்று தூக்கும். பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கியது... கீழே அந்தக் கறுப்பு உதடு சிமெண்டில் ஊன்றிக்கொண்டது. அவ்வளவுதான். கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

லயமே கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. வேறு என்ன வேலை?

எதிர் வீட்டு மாரிமுத்து குனிந்து பார்த்தான். “ஷாமினி, காரு வாங்கினியா, படகு வாங்கினியா? கொளத்துல விட்டா நல்லா மெதக்கும் போல லா.”

“ரிவர்ஸ் எடு” என்றது ஒரு குரல்.

“ரிவர்ஸ் எடுத்தாலும் வயிறு அதே வயிறுதானே.”

“ஆளுங்கள எறக்கி உடுங்க. வெயிட்டு கொறஞ்சா தூக்கும்.”

“உள்ள யாருமே இல்ல மாமா. நான் மட்டுந்தான்” என்றாள் ஷாமினி.

“அப்ப நீயும் எறங்கும்மா” என்றான் மாரிமுத்து.

அவளே சிரித்துவிட்டாள். பலகை கொண்டு வந்தார்கள். பள்ளத்துக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று. நான்கு பேர் முன்னால் தூக்க, நான் ஓரமாக நின்று பலகையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாக, மெதுவாக... ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். அப்புறம் ‘டொப்’.

உதடு இரண்டாகப் பிளந்து தொங்கியது. வாசலில் பார்வதி தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“பரவால்லம்மா” என்று ஷாமினிதான் முதலில் பேசினாள். “வேற மாட்டிக்கலாம். நான் இனிமே கீழயே உட்டுட்டு நடந்து வரேன்.”

போகும்போது காரின் பின்பக்கத்தைத் திறந்து, கனமான ஒரு பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். உள்ளே நான்கு கறுப்பு ஸ்பிரிங். காரோடு வந்த பழைய ஸ்பிரிங். பழைய என்று சொல்வதற்குக்கூட வயசாகவில்லை, ஒரு மாதம்தான் ஓடியிருக்கும்.

“கடையில வெக்க எடம் இல்லப்பா. மாட்டிக்கிறவங்க யாரும் இதத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறதே இல்ல. யாருக்காச்சும் வேணும்னா குடுத்துருங்க.”

தோட்டத்தில் எதையும் நாங்கள் குப்பையில் போடுவதில்லை. உனக்கு வேண்டாததை வேண்டுகிறவன் ஒருவன் இந்த மலையில் எங்கேயாவது இருப்பான் — அதுதான் எங்கள் கணக்கு. அடுத்த வாரமே அவன் வந்தான். என்னோடு பள்ளியில் படித்த முனியாண்டி. கோலா தெர்லாவில் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், பயிர் போடுகிறான்.

“டேய், இது சும்மாவா கெடக்கு? என் தண்ணி பம்பு ஆடி ஆடி மண்ணுல எறங்கிக்கிட்டே போவுது. இத அடியில குடுத்தா ஆட்டம் நிக்கும் லா.”

கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன். அவன் போகும்போது இரண்டு கோபிஸ் வைத்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு ஷாமினி சிம்பாங்கில் காரை விட்டுவிட்டு நடந்து வந்தாள். பள்ளம் வரைக்கும் ஏறினாலும், லோரி போகிற ஒற்றை ரோட்டில் நிறுத்தவும் திருப்பவும் இடம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வருவாள்; ஒரு தடவை, இரண்டு தடவை அப்படி நடந்தாள். எங்கள் சிம்பாங்கில் ஸ்ட்ராபெரி, சோளம் விற்கிற கடைகள். ஞாயிறு என்றால் கீழே இருந்து வருகிற கார் எல்லாம் அங்கேதான் நிற்கும். இரண்டாவது தடவை அவள் திரும்பிப் போனபோது, யாரோ கதவைத் திறந்து இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயின்ட் போய்விட்டது. திங்கட்கிழமை ஷோ ரூம் வாசலில் நிற்க வேண்டிய கார் அது.

அதற்கப்புறம் அவள் காரைவிட்டு இறங்கவில்லை. போன் அடிப்பாள். “அம்மா, வந்துட்டேன்.” அம்மா டிபன் கேரியரோடு இறங்குவாள். இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவார்கள். அப்புறம் மகள் ஈப்போவுக்கு. அம்மா மேட்டுக்கு.

நீங்கள் கேட்பீர்கள். நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடக் கூடாதா? போன வருடம் சேற்றில் சறுக்கி இருவரும் விழுந்ததிலிருந்து பார்வதி மோட்டாரில் ஏறுவதில்லை. ஏறினாலும் கால் மடங்காது. எதிர் வீட்டுக் கார்? மாரிமுத்து இரண்டு தடவை அவனாகவே கொண்டுபோய் விட்டான். மூன்றாவது தடவை இவள் போகவில்லை.

“நம்ம புள்ள காரு இருக்கையில, அடுத்தவங்க காருல ஏறிப் போய் நம்ம புள்ள கார்ல ஏறுறதா? நல்லாவா இருக்கு?”

சரி, மகளாவது முன்போல் பஸ்ஸில் வரலாம் அல்லவா? பஸ்ஸில் வந்த காலத்தில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தானே போவாள்? போனில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

“காரை வெச்சுக்கிட்டு பஸ்ல வந்து எறங்கினா, லயத்துல என்னப்பா பேசுவாங்க? காரைப் புடுங்கிட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?”

தாய்க்கும் மகளுக்கும் ஒரே வீம்பு. நடுவில் நான். எனக்கு வீம்பும் கிடையாது, எடுத்துப் பேசுகிற வாயும் கிடையாது.

ஆறு மாதம் எப்போது முடியும் என்று மூன்று பேரும் காத்திருந்தோம். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. ஷாமினி போன் பண்ணினாள். குரலே துள்ளியது.

“அப்பா, மேனேஜர் சரின்னுட்டாரு. உதட்ட மட்டும் கழட்டினா பத்தாது, வயிறு இடிக்கும்; பழைய ஸ்பிரிங்க மாட்டிக்கலாம். அந்தப் பெட்டி எங்க வெச்சிருக்கீங்க?”

‘யாருக்காவது கொடுத்துவிடுங்கள்’ என்று சொன்னதை அவள் மறந்திருந்தாள்; கொடுத்ததை நானும் அதுவரை நினைக்கவில்லை.

“கேட்டு வாங்கிட்டு வரேன்மா” என்றேன்.

கோலா தெர்லாவுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதைவிடக் கஷ்டமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை. முனியாண்டி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து நேராகப் பம்புக்கே கூட்டிப் போனான்.

“பாரு. எப்படி நிக்குது பாரு. மேல ஒரு கிளாஸ் தண்ணிய வெச்சாலும் சிந்தாது. எல்லாம் உன் மக ஸ்பிரிங்கு லா.”

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நிஜமாகவே ஆடவில்லை. நான்கு ஸ்பிரிங்கும் சிமெண்டில் கால் புதைத்து நின்றன. சிமெண்டை உடைத்து எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் குனிந்து பார்த்தேன். பள்ளத்துப் பக்கம் இருந்த இரண்டும் உயரம். மேட்டுப் பக்கம் இருந்த இரண்டும் குட்டை.

“இது ஏன் குட்டையா இருக்கு?”

“சரிவு நெலமாச்சே. மட்டம் வேணாமா? மேட்டுப் பக்கம் ரெண்டையும் கிரைண்டர்ல வெட்டிட்டேன்.”

எங்கள் மலையில் எதை வைத்தாலும் முதலில் மட்டம் பார்க்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே கல், அடுப்புக்குக் கீழே ஓடு. பம்புக்கு ஸ்பிரிங்கை வெட்டுகிறான். அவன் செய்ததில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டீ குடித்தேன். பம்பைப் பாராட்டினேன். கிளம்பும்போதுதான், அவன் விடாமல் கேட்டதால், விஷயத்தைச் சொன்னேன். முனியாண்டி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

“ஏன்டா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது? வெட்டாம வெச்சிருப்பேனே.”

“எனக்கே தெரியாதுடா.”

“என் ஜீப்ப அனுப்புறேன். பார்வதி தங்கச்சிய ஏத்தி எறக்க எனக்கென்ன கஷ்டம்?”

பார்வதி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். மாரிமுத்து காருக்குச் சொன்னதையே சொல்வாள். “வேணாம்டா” என்றேன்.

சரி, போனது போகட்டும். புதிதாக நான்கு வாங்கிவிட்டால் ஆயிற்று. பார்ட் விற்கிற கவுண்டரிலேயே என் மகள் நிற்கிறாள். அவளுக்குக் கிடைக்காததா?

கிடைக்கவில்லை.

“கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன்பா. சாதா ஸ்பிரிங் ஸ்டாக் இல்ல. புது மாடலாச்சே, யாருக்கும் ஒடையல, யாரும் கேக்கல. வர்றது பூரா கார் கட்டுற எடத்துக்கே போயிருது. ஆர்டர் போட்டுருக்கேன். எப்ப வரும்னு தேதி காட்டல.”

“அப்ப அந்தச் செவப்பு ஸ்போர்ட் ஸ்பிரிங்கு?”

“அது அலமாரி நெறைய இருக்குப்பா” என்றாள்.

நான் இதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். விசேஷமானது கைநீட்டினால் கிடைக்கிறது. சாதாரணமானதுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். இது கார் விஷயம் மட்டும்தானா? கியா பார்மில் தங்க முலாம் பூசிய ஸ்ட்ராபெரி பொம்மை கடைக்குக் கடை கிடைக்கிறது; ஒரு துணி தைக்கிற ஊசி தேடிப் பாருங்கள்.

கம்போங் ராஜாவில் எங்கள் லோரி பார்க்கிற பட்டறை முதலாளி தவுக்கேயிடமும் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை ரப்பர் வைத்தால் கார் தூக்கிவிடும், அரை நாள் வேலை. இங்கே விவசாயிகள் எந்த வண்டி வாங்கினாலும் முதலில் செய்வது அதைத்தான். வண்டியைத் தூக்குவது. நாங்கள் தூக்குவோம், கம்பெனி இறக்கும்.

ஷாமினி ஒத்துக்கொள்ளவில்லை. “வெளி சாமான் மாட்டினா வாரண்டி போயிரும்பா. அதுவும் நானே மாட்டினா... ‘வெளிய போயி மாட்டாதீங்க சார்’னு தெனம் கஸ்டமர்கிட்ட சொல்றவ நான். எந்த மொகத்த வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?”

அதுவும் சரிதான். இந்தக் கதையில் எல்லாரும் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

தீபாவளி அன்றைக்கும் ஷாமினி சிம்பாங்கில்தான் வந்து நின்றாள். முறுக்கு கொடுத்தோம்; ஆசீர்வாதமும் கார் ஜன்னல் வழியாகத்தான்.

இப்போது இரண்டு வாரத்துக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கு வருகிறேன். அன்றைக்கு நானும் கூடவே இறங்கினேன். நடக்கும்போது மூச்சைப் பேச்சில் செலவு பண்ணப் பார்வதியால் இப்போதெல்லாம் முடியாது. வளைவுக்கு வளைவு நின்றாள்.

காரில் பின் சீட்டில் நான். முன்னால் பார்வதி. அவளுக்கு அந்தத் தாழ்ந்த காரில் உட்காருவதே பெரும்பாடு. குனிந்து, காலை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைக்க வேண்டும். ஷாமினி ஏ.சி. போட்டாள். ஜன்னலை ஏற்றினாள். இட்டிலியும் கோழிக் கறியும் மடியில் வைத்துச் சாப்பிட்டோம். சீட்டில் குழம்பு சிந்தாமல் பார்வதி ஜாக்கிரதையாகப் பிட்டுப் போட்டாள். வெளியே சோளம் வாங்க இடம் தேடி ஒரு கார் எங்கள் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

“ஆர்டர் என்னாச்சு?” என்றேன்.

“இன்னும் தேதி காட்டலப்பா.” கொஞ்சம் தயங்கினாள். “ரெண்டாவது செட்டு வந்துருக்கு. இன்னும் கொஞ்சம் எறங்குமாம். மேனேஜர் கேட்டாரு. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“உன்ன ஒண்ணும் சொல்லலியே?”

“ஒண்ணும் சொல்லல. வேற பொண்ணு மாட்டிக்கிட்டா. அவ ஊரு தெலுக் இந்தான். தட்ட ரோடு, மேடே கெடையாது.”

பின்னால் ஹாரன் மறுபடி. ஷாமினி கண்ணாடியைப் பார்த்தாள், அம்மாவின் தட்டைப் பார்த்தாள். பார்வதி பார்த்துவிட்டாள். மூடியை எடுத்துக் கேரியரை அடைத்துப் பின்னால் என்னிடம் நீட்டினாள்.

“ஷாமினி, நான் ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாத. அந்த ஸ்பிரிங்கு வர்ற வரைக்கும் நீ வர வேணாம்மா.”

“ஏம்மா?”

“ரெண்டு மணி நேரம் மலை ஏறி வர்ற. அரை மணி நேரம் ரோட்டுல நிக்கிற. அதுலயும் பாதி நேரம் பின்னாடியே பாத்துக்கிட்டு இருக்க. சோறு கூட நிம்மதியாத் திங்க மாட்டேங்கற. எதுக்கு? போன்ல பேசிக்கலாம்.”

ஷாமினி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். நான் பேச வேண்டிய நேரம் அது. ‘பஸ்ஸில் வா, லயத்தில் பேசுகிறவன் பேசட்டும்’ என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். ‘மாரிமுத்து காரில் ஏறு, ஒன்றும் குறைந்துவிடாது’ என்று மனைவியிடம் சொல்லியிருக்கலாம். பின் சீட்டில் உட்கார்ந்து டிபன் கேரியரின் பிடியை மடக்கி மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

“ஒங்களுக்குக் கால் வலிக்குதுன்னுதானே சொல்றீங்க?” என்றாள் ஷாமினி.

“கால் கெடக்குது போ” என்றாள் பார்வதி.

அம்மா தன் காலுக்காக இல்லை, மகளின் நிம்மதிக்காகச் சொல்கிறாள் என்று ஷாமினிக்குத் தெரியும். மகள் ஒத்துக்கொண்டால் அம்மாவின் முட்டி தப்பிக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். “சரிம்மா” என்றாள். ஒருவர்மேல் ஒருவர் வைத்த இரக்கத்திலேயே காரியம் முடிந்துவிட்டது.

பார்வதி இறங்கினாள். ஷாமினி காரைத் திருப்பினாள். அந்த எக்ஸாஸ்ட் சத்தம் கோலா தெர்லா வளைவு வரைக்கும் கேட்டது. நல்ல கம்பீரமான சத்தம்... பொய் சொல்லக் கூடாது.

எனக்கு எந்தக் கம்பெனிமேலும் கோபம் இல்லை. அவர்கள் நல்ல பார்ட்தான் செய்கிறார்கள். ஷாமினியின் கார் இப்போது வளைவில் சாய்வதில்லை. பிரேக் தொட்டால் நிற்கிறது. முன்னைவிடச் சீக்கிரமாக வீட்டை நெருங்கிவிடுகிறாள். வீட்டுக்கு மட்டும்தான் வர முடியவில்லை.

புது மாடல் வரும்போது, இன்னும் வேகமாகப் போக என்ன வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஒரு செட்டு தயார் பண்ணுகிறார்கள். எங்கே போக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கம்பெனியும் கேட்கவில்லை. அப்பன் நானும் கேட்கவில்லை.

கார்த்திகை மாதம், மூன்றாவது ஞாயிறு. ஷாமினி வந்திருக்க வேண்டிய நாள்.